பொண்ணு காலில் ஒரு கிலோ வெயிட் கட்டச் சொல்கிறார் கோச், கட்டலாமா?

கொருக்குப்பேட்டை அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். பொண்ணுக்கு 9 வயசு, எடை 24 கிலோ. ஒன்றரை வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் போகிறாள், நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் புது கோச் வந்தார். பிள்ளைகளுக்குக் கிக் உயரமாக வரவில்லை, ஆளுக்கு ஒரு ஜோடி ஆங்கிள் வெயிட் (கணுக்காலில் சுற்றிக் கட்டும் எடைப் பட்டை) வாங்குங்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பெரியமேட்டில் போய் வாங்கினோம், காலுக்கு ஒரு கிலோ. இப்போது ஓட்டம், கிக், கார்ட்வீல் (பக்கவாட்டில் கையூன்றிச் சுழல்வது) எல்லாமே அதோடுதான். வீட்டுக்கு வந்தும் கழற்றுவதில்லை, அதோடேயே மாடிப்படி ஏறி இறங்குகிறாள், என் மாமியார் "என்னடி, தண்டை போட்டுக்கிட்டுத் திரியிற" என்கிறார். கழற்றினால் கணுக்காலைச் சுற்றி வெல்க்ரோ பதிந்த சிவப்பு வரி. பத்து நாளாகக் கிளாஸ் முடிந்து வரும்போது குதிகாலை ஊன்றாமல் முன்னங்காலில் நடக்கிறாள். வீட்டுக்காரரோ, அந்த வயசில் நாங்கள் லாரித் தண்ணிக்குக் குடம் தூக்கலையா, என்ன ஆகிவிட்டது என்கிறார். கோச்சிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

வியாசை லெஃப்ட் விங்:
அக்கா, முதலில் அதைக் கழற்றி வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். எங்கள் அண்ணன் பையனுக்கு 11 வயசு, ஃபுட்பால், இதே குதிகால் வலி. "நடிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டிவிட்டோம், கடைசியில் பந்தை உதைக்கவே பயப்பட ஆரம்பித்தான். பிள்ளை நொண்டினால் நடிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பெரம்பூர் பிசியோ:
உங்கள் வீட்டுக்காரர் சொன்ன குடத்தையே எடுத்துக்கொள்வோம். குடத்தை எங்கே வைத்துத் தூக்குவோம்? இடுப்பில், உடம்போடு ஒட்டி. அதே குடத்தைக் கையை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேச மாட்டார். ஆங்கிள் வெயிட்டில் நடப்பது இதுதான், எடை காலின் கடைக்கோடியில் தொங்குகிறது.

ஒரு காலின் எடை உடம்பு எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. உங்கள் பொண்ணுக்கு 4 கிலோ என்று வையுங்கள். அந்த 4 கிலோவின் நடுப்புள்ளி முட்டிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, கட்டுகிற ஒரு கிலோவோ அடியில், கணுக்காலில். அதனால் காலை நீட்டித் தூக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் பாரம் ஒன்றரை மடங்காகிறது, முட்டிக்குச் சுமார் இரண்டு மடங்கு. இது மெதுவாகத் தூக்கும்போது. வீசிக் கிக் அடித்தால் அந்த வேகத்தை மேலே போய் நிறுத்துவதற்குத் தொடையின் பின்தசை இழுபட வேண்டும், பெரும்பாலும் பிடித்துக்கொள்வது அங்கேதான்.

இந்த வயசில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது, இன்னும் முழு எலும்பாகாத குருத்தெலும்பு. குதிகாலின் பின்பக்கமும் ஒன்று, அதைத்தான் கெண்டைக்கால் தசையின் தசைநாண் போய்ப் பிடித்திருக்கிறது. வெறுங்காலோடு திரும்பத் திரும்பக் குதித்தால் அந்த இடம் வலிக்கும், சீவர்ஸ் என்று பெயர், சுமார் 8 வயசிலிருந்து 14 வரை சகஜம். குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரலால் அமுக்கினால் "ஆ" என்பாள். எலும்பு முதிர்ந்ததும் போய்விடும், ஆனால் அதுவரை ஓட்டமும் குதிப்பும் குறைய வேண்டும். பார்க்காமல் நான் சொல்வது ஊகம்தான். எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். வீங்கினாலோ ராத்திரி வலியில் எழுந்தாலோ நாளை என்று தள்ளாதீர்கள்.

எடைப் பயிற்சி செய்தால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்பது சும்மா கதை. யாராவது பக்கத்தில் நின்று ஒழுங்காகச் செய்ய வைத்தால் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். இங்கே தப்பு, கட்டிக்கொண்டு ஓடுவதும் குதிப்பதும்.

காசிமேடு பாக்ஸர்:
நான் ரெண்டு ரெண்டு கிலோ கட்டிக்கொண்டு பீச் மணலில் ஓடியிருக்கிறேன், ஒன்றும் ஆகலையே. இப்போதெல்லாம் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம்.

வியாசை லெஃப்ட் விங்:
அண்ணே, அப்போது உங்களுக்கு வயசு என்ன, 20ஆ? இங்கே மொத்த ஆளே 24 கிலோ.

பழைய ஜிம்னாஸ்ட்:
பத்து வருஷம் ஆடிவிட்டு இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கோச் கெட்டவர் இல்லை மேடம், அவரை அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். என்னையும்தான்.

நான் வெயிட்டை அடியோடு ஒதுக்கவில்லை, ஆனால் மேட் விரித்துப் படுத்தோ கம்பியைப் பிடித்து நின்றோ மெதுவாகத் தூக்கி இறக்குவதற்கு மட்டும்தான். முதலில் வெயிட் இல்லாமல் பத்துத் தடவை, முட்டி மடங்காமல், இடுப்பு திரும்பாமல் வரணும். வந்தபிறகு கால் கிலோ. எட்டு எட்டாக இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முட்டி மடங்கிய நிமிஷமே கழற்றிவிடுவேன். கார்ட்வீல், வாக்ஓவர் (கையூன்றி வளைந்து கால் மாற்றிப் போவது), பீம் (ஒல்லிக் கட்டைமேல் ஆடுவது), ஸ்ப்ளிட் ஜம்ப் (காலை விரித்துக் குதிப்பது) இதற்கெல்லாம் கட்டவே கூடாது. இறங்கும்போது காலில் விழும் அடி ஏற்கெனவே உடம்பு எடையைப் போலப் பல மடங்கு. போதாததற்கு, கனத்தோடு பழகிய டைமிங் கழற்றியதும் மாறிவிடும், கால் முன்னாடியே சுழன்று வந்து பிள்ளை தடுமாறும்.

கிக் உயரம் வேண்டுமென்றால் இதைச் செய்யச் சொல்லுங்கள்: கால்களை விரித்து நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் தரையில் ஊன்றி, கால்களை மட்டும் தரையை விட்டு எழுப்பி எழுப்பி வைக்கணும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பத்துக்குள் தொடை நடுங்கும், நீங்களே உட்கார்ந்து பாருங்கள். அவசரம் என்ன? பெண்கள் சர்வதேச சீனியர் போட்டிக்குப் போகவே அந்த வருஷம் 16 ஆகணும். உங்கள் பொண்ணுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் காட்டினோம், அமுக்கியதும் காலை இழுத்துக்கொண்டாள், பிசியோ சார் சொன்னதேதான். மூன்று வாரம் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம், உட்கார்ந்து செய்வதும் கைப் பயிற்சியும் செய்யலாம் என்றார். சீட்டைக் கோச்சிடம் காட்டினேன், கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் "சரி மேடம், கிக்குக்கு மட்டும் கட்டலாம்" என்றார். கிக்குக்கும் வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன், சொன்னபிறகு கை நடுங்கியது. குடம் விஷயத்தை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன், பதிலே பேசாமல் டிவி பார்த்தார். கால் தூக்குகிற அந்தப் பயிற்சியை நானும் செய்து பார்த்தேன், எனக்கு ஒன்றுகூட வரவில்லை, பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள். வெயிட் ஜோடி மாமியாரிடம் போய்விட்டது. மாடியில் வடாம் காயும் துணி காற்றில் பறக்காமல் நாலு மூலையில் இரண்டை அது பிடித்துக்கொள்கிறது. மீதி இரண்டுக்குச் செங்கல்.