பாலைவனத்தில் வெள்ளம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஷார்ஜாவிலிருந்து:

2024 ஏப்ரல் 16 மழையைத்தான் சொல்கிறேன். மழை அன்றிரவே விட்டுவிட்டது, தண்ணீர் வடியத்தான் நாள்கணக்கானது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்ததும் கரண்ட் போச்சு. அப்புறம் லிஃப்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. வாசலில் இடுப்பளவு தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை! மாடியிலிருந்து கயிற்றில் வாளியை இறக்கினோம். காற்று மெத்தையைத் தள்ளிக்கொண்டு வந்த பையன்கள் வாளியில் குடிதண்ணீரும் குப்பூஸும் (அரபு ரொட்டி) வைத்து அனுப்பினார்கள்.

வாட்ஸ்அப்பில் எல்லாரும் மேகத்தில் உப்புத் தூவி வரவழைக்கும் செயற்கை மழையைத்தான் திட்டினார்கள். அன்று மேகத்தில் எதையும் தூவவில்லை என்று வானிலை மையம் சொல்லிவிட்டது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மி.மீ. பெய்தது, 1949இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுதான் உச்சம். இவ்வளவு பெய்தால் எந்த ஊரும் திணறும், சரி. ஆனால் பெய்த தண்ணீர் ஏன் அப்படியே நின்றது?

நான் கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆள். கடலோரப் பகுதிகளில் அஸ்திவாரம் தோண்டினால் சில மீட்டரிலேயே உப்புத் தண்ணீர் வந்துவிடும், இரவு பகலாகப் பம்ப் ஓட வேண்டும். மண்ணுக்கு உறிஞ்சும் இடமே கொஞ்சம்தான். அதன் மேலும் தார், இன்டர்லாக் கல், புதுக் கட்டடம். தரையும் தட்டை, தண்ணீர் தானாக ஓடாது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலே கிடையாது. வருடத்தில் நாலு நாள் மழைக்கு எதற்குச் செலவு என்று விட்டிருப்பார்கள். கடைசியில் டேங்கர் லாரிகள் வந்து உறிஞ்சின. துபாய் அந்த ஜூனிலேயே 3,000 கோடி திர்ஹமில் வடிகால் திட்டம் அறிவித்தது, 2033இல் முடியுமாம்.

ஜித்தாவில் இருந்தவர்:

உங்களுக்கு நின்ற தண்ணீர், எங்களுக்கு ஓடிவந்த தண்ணீர். 2009 நவம்பர் 25, ஹஜ் நேரம். நாலு மணி நேரத்தில் 90 மி.மீ.க்கு மேல் கொட்டியது. செத்தவர்கள் 120 பேருக்கு மேல்.

ஜித்தாவுக்குக் கிழக்கே மலை, மேற்கே கடல், நடுவில் வாதிகள், அதாவது காட்டாற்றுப் படுகைகள். வருடக்கணக்கில் காய்ந்து கிடப்பதால் பார்ப்பவனுக்கு நல்ல வீட்டு மனையாகத்தான் தெரியும். ஊர் பெருத்தபோது அதிலேயே பிளாட் போட்டார்கள். குவைஸா பகுதி அப்படி அடிபட்டதுதான். மறுநாள் போய்ப் பார்த்தேன், காருக்கு மேல் கார் ஏறிக் கிடந்தது, உள்ளே சேறு கண்ணாடி மட்டம் வரை.

அப்புறம் அணை, கால்வாய் எல்லாம் கட்டினார்கள். 2022 நவம்பரில் 179 மி.மீ. பெய்தும் இறந்தவர்கள் 2 பேர். சுரங்கப்பாதைகள் மட்டும் வழக்கம்போல நிரம்பின.

துபாயிலிருந்து:

புதிதாக வீடு பார்ப்பவர்கள் புரோக்கரிடம் கேட்காதீர்கள், சிரித்து மழுப்புவார். 2024இல் பார்க்கிங்கில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். கையை வைத்தே காட்டுவார்.