புதுப்பிப்பு: எஸ்.எஸ்.டி.ஐ. வாங்கிக்கொண்டே அக்கா வேலைக்குப் போகலாமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அமெரிக்காவில் எஸ்.எஸ்.டி.ஐ. (உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் மாத) உதவித்தொகை வாங்கும் அக்கா பகுதிநேர வேலையில் சேர்ந்தால் பணம் உடனே நின்றுவிடுமா என்று கேட்டிருந்தேன். நிற்கவில்லை. அக்கா வேலைக்குப் போகிறாள், தொகையும் முழுதாக வருகிறது.

கைகொடுத்தது, வேலையில் சேருமுன் 'விபா' (உதவித்தொகை வாங்குபவர்கள் வேலைக்குப் போக வழிகாட்டும்) திட்டத்தின் இலவச ஆலோசகரிடம் பேசச் சொன்ன யோசனைதான். அவர் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து 'பிபிக்யூஒய்' என்ற, உதவித்தொகை, வேலை விவரங்கள் அடங்கிய அறிக்கையை வாங்கச் சொன்னார். எதிர்பாராத விஷயம் அதில்தான் இருந்தது: சோதனை வேலைக்காலம் (எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை முழுதாக வரும் காலம்) 9 மாதம், ஆனால் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, 60 மாதத்துக்குள் எப்போது வேலை செய்தாலும் சேர்ந்துவிடும். அக்கா முன்பு கொஞ்ச நாள் பார்த்த வேலையும் கணக்கில் ஏறியிருந்தது! அதனால் அறிக்கையைப் பார்க்காமல் மாதங்களை எண்ணாதீர்கள்.

2025-இல் மாதம் 1,160 டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தால் அது ஒரு சோதனை மாதமாகக் கணக்கானது. கைக்கு வருவது இல்லை, பிடித்தம் போகுமுன் உள்ள சம்பளம்தான் கணக்கு.

9 மாதம் முடிந்த பிறகு 36 மாதம் இன்னொரு பாதுகாப்பு உண்டு, சம்பளம் அதற்கென்று உள்ள வரம்புக்குக் (இது சோதனை மாத வரம்பு அல்ல, வேறு) கீழே இறங்கும் மாதங்களில் புது விண்ணப்பம் போடாமலே தொகை கிடைக்கும். உடல்நிலைக்காக வேலைக்கென்று செய்யும் செலவை அப்போது சம்பளத்தில் கழிக்கலாம், ரசீதுகளை இப்போதிருந்தே எடுத்து வையுங்கள். அப்புறம், அக்காவுக்குப் பெரிய பயமாக இருந்த மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு): சோதனைக் காலத்துக்குப் பிறகும் குறைந்தது 93 மாதம் தொடரும்.