பொருள்: மலேரியா மருந்தோடு தரும் புரோபயாடிக்: தமிழில் எப்படிச் சொல்வது?

செம்பூரிலிருந்து:

வணக்கம். மும்பை தாராவியில் மழைக்காலத்துக்குக் கொடுக்கவிருக்கும் மலேரியாத் துண்டறிக்கையின் வரைவில், புரோபயாடிக் என்பதற்கு "நன்மை செய்யும் பாக்டீரியா" என்று இருக்கிறது. புரோபயாடிக்காகத் தரும் சாக்கரோமைசஸ் பூலார்டி ஈஸ்ட் வகை, பாக்டீரியாவே அல்ல. மலேரியாவுக்கும் தரப்படும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. புரோபயாடிக்கில் வரும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவைக் கொல்லும், அதனால் இந்த இரண்டையும் எடுப்பதற்கு நடுவே குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். ஆகவே 'பாக்டீரியா' வேண்டாம். 'நல்லுயிரி' எப்படி? ஆன்டிபயாடிக்கை 'எதிருயிரி' என்பவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மாட்டுங்காவிலிருந்து:

மண்புழுவும் நல்லுயிரிதானே ஐயா! 2001-இல் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவு, உட்கொள்பவருக்கு நன்மை என்று புரோபயாடிக்கை வரையறுத்தது. வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை கோடி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தயிர் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் இந்தச் சொல்லுக்குள் அதை நுழைக்கக் கூடாது. 'நலநுண்ணுயிரி' என்று வைக்கலாம். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. உறையில் உள்ள சிஎஃப்யூவுக்கு (உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை அளவு) சொல் தேட வேண்டாம். கடையில் அதைத்தான் பார்த்து வாங்குகிறார்கள்.

சயானிலிருந்து:

எனக்குக் கவலை அதே வரைவில் புரோபயாடிக்கை 'இணைமருந்து' என்று சொல்வது பற்றித்தான். இணை என்றால் சமம். ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தில் இரண்டுமே ஒட்டுண்ணியைக் கொல்பவை. அங்கே 'கூட்டு' பொருந்தும். புரோபயாடிக் ஒட்டுண்ணியைக் கொல்லாது.

வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவில் பெரியவருக்கு 150 மி.கி. குளோரோகுயின் மாத்திரை முதல் நாள் 4, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2. அதோடு, கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்ல, பிரைமாகுயின் தினமும் 15 மி.கி., 14 நாள். மூன்றாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிடும், பிரைமாகுயின் வயிற்றைப் பிரட்டும், அதை விட்டுவிடுவார்கள். விட்டால் அந்த ஒட்டுண்ணி சில வாரத்திலோ மாதத்திலோ எழும்பும், காய்ச்சல் திரும்பும். வயிற்றுப் பிரட்டலுக்கு வழி, சாப்பிட்ட பின் மாத்திரை போடுவது. அந்த நேரத்தில் 'இணைமருந்து' என்று ஒரு புரோபயாடிக் தூளைக் காட்டினால் மாத்திரைக்குப் பதில் அதையே வாங்குவார்கள். 'துணை' என்றே போடுங்கள்.

ஆதாரத்தையும் மிகைப்படுத்த வேண்டாம். 2016-இல் வெளிவந்த ஆய்வில் லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் உள்ள தயிர் கொடுத்த எலிகளில் ஒட்டுண்ணி குறைந்தது. ஆனால் அது பிளாஸ்மோடியம் யோலி; மனிதரைத் தொற்றாத வகை.

செம்பூரிலிருந்து:

இரண்டையும் ஏற்கிறேன். 'துணை நலநுண்ணுயிரி'. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'புரோபயாடிக்' என்று போடுவோம், இல்லையென்றால் மருந்துக்கடைக்காரருக்கே புரியாது. வரைவு இப்படி:

"துணை நலநுண்ணுயிரி (புரோபயாடிக்) மலேரியாவைக் குணமாக்காது. மருத்துவர் சொன்னால் மட்டும், மலேரியா மாத்திரைகளோடு சேர்த்து எடுங்கள். காய்ச்சல் விட்டாலும் 14 நாள் மாத்திரையை முடியுங்கள். சிறுநீர் கறுத்தால் பிரைமாகுயினை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

மாட்டுங்காவிலிருந்து:

ஒரு வரி சேருங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவருக்கும் வீட்டார் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. சாக்கரோமைசஸ் பூலார்டி ஈஸ்ட் இரத்தத்தில் கலந்து தொற்றாவதுண்டு, அதுவும் கழுத்தில் உள்ள இரத்தநாளத்தில் குழாய் போட்டிருந்தால். அந்த இடத்தில் 'நல' என்ற முன்னொட்டே ஆளை ஏமாற்றிவிடும்.