டப்ளினில் ஜாஸ் வாசிக்க அழைப்பு: இன்றிரவுக்குள் பதில் சொல்ல வேண்டும், வழி சொல்லுங்கள்

வடபழனி சாக்ஸ்: அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம்தான் அயர்லாந்தின் டப்ளினுக்குக் குடிவந்தேன். ஊரில் பல ஆண்டுகள் கச்சேரிகளில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவன். ஜாஸ் கேட்டுப் பழக்கம் உண்டே தவிர, வாசித்துப் பழக்கம் இல்லை. நேற்று ஒரு பப்பில், யார் வேண்டுமானாலும் சேர்ந்து வாசிக்கக்கூடிய ஜாம் செஷனில் துணிந்து மேடையேறினேன். அதைக் கேட்ட குழுத் தலைவர் ஒருவர், வெள்ளிக்கிழமைதோறும் தம்முடன் வாசிக்குமாறும் ஒவ்வோர் இரவுக்கும் கையில் பணம் தருவதாகவும் கூறி, இன்றிரவுக்குள் பதில் கேட்டிருக்கிறார். இதற்கிடையில், இன்னொரு முறை வாத்தியச் சத்தம் கேட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று வீட்டுக்காரர் இன்று காலை எச்சரித்துவிட்டார். ஒன்றும் ஓடவில்லை. ஒப்புக்கொள்ளலாமா, வேண்டாமா?

லிஃபிக்கரையான்: தம்பி, பதற்றப்படாதீர்கள். நான் வந்த புதிதில் டப்ளின் ஜாஸ் என்றால் ஆங்கியர் தெருவிலிருந்த ஜே.ஜே. ஸ்மித்ஸ் பப்பின் மாடிதான். கவிஞர் தாமஸ் மூர் பிறந்த மனை அது. மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் அந்த முதல் குளிர்காலத்தில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரவு முழுவதையும் ஓட்டிய நான், லூயிஸ் ஸ்டீவர்ட்டின் கிதாரைக் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டேன். 1944இல் வாட்டர்ஃபோர்டில் பிறந்து, பென்னி குட்மன், ஜார்ஜ் ஷியரிங் போன்ற ஜாஸ் மேதைகளுடன் உலகம் சுற்றிய அந்த மனிதர், நாற்பது ஐம்பது பேருக்கு வாசிப்பதை ஒரு குறையாகவே கருதவில்லை. 2016இல் அவர் மறைந்தார். அந்த மாடியிலும் ஜாஸ் நின்றுபோயிற்று. 1970களில் லிவியா என்ற சிறு நிறுவனத்துக்காக, கிதாரை மட்டுமே வைத்து அவர் பதிவு செய்த தனி இசைத்தட்டு இப்போது மறுபதிப்பாகக் கிடைக்கிறது. முதலில் அதை வாங்கிக் கேளுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

கார்க் மாமா: கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது வேறொன்று. டப்ளின் பப்புகளை நம்பி எந்தக் கலைஞனும் பிழைக்க முடியாது. அக்டோபர் மாத நீண்ட வார இறுதியில் தெற்கேயுள்ள கார்க் நகருக்கு வாருங்கள். 1978இல் அங்குள்ள மெட்ரோபோல் ஓட்டலில் தொடங்கிய ஜாஸ் விழா, இரண்டே ஆண்டுகளில் புகழ்பெற்ற பாடகி 'எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை'யே அழைத்து வந்து பாட வைத்தது. அந்த ஓட்டலில் நாளெல்லாம் அறைக்கு அறை கச்சேரி நடப்பதைப் பார்த்தால் நம் மார்கழி ஞாபகம் வரும்.

டிரம்கொண்ட்ரா அக்கா: மாமா சொல்வது பழைய கார்க். இப்போது அந்த வார இறுதியில் பாதி மேடைகளில் பாப் குழுக்கள்தாம் இருக்கின்றன. ஜாஸைத் தேடித்தான் கேட்க வேண்டும். அதைவிட மே மாதத்தில் பிரே ஊரில் நடக்கும் சிறிய விழா எவ்வளவோ மேல். தம்பிக்குத் தேவை விழா அல்ல, முறையான படிப்பு. பாஸ் என்னும் கீழ்ச்சுருதி கிதார் வாசிக்கும் ரோனன் கில்ஃபாயில் 1980களின் பிற்பகுதியில் பிளாக்ராக்கிலுள்ள நியூபார்க் இசைப்பள்ளியில் தொடங்கிய ஜாஸ் துறைதான் இந்நாட்டின் இன்றைய கலைஞர்களில் பெரும்பகுதியினரை உருவாக்கியது. அங்கு நடந்த ஜாஸ் பட்டப்படிப்பு பின்னர் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்துக்கு மாறியது. கர்நாடகத் தாளக் கணக்குகளில் மூழ்கிய அவர், தம் குழு ஒன்றுக்குக் 'கண்ட' என்றே பெயர் வைத்தவர் என்பதால், உங்கள் பயிற்சி அங்கே அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஐரோப்பியரல்லாத மாணவருக்கான கட்டணத்தைக் கேட்டால் மயக்கமே வரும். நாங்கள் வந்த முதல் ஆண்டில், மகனுக்குப் பியானோ வகுப்பா, அறையைச் சூடாக்கும் செலவா என்று மாதந்தோறும் தராசு பிடித்த கதை என்னிடம் இருக்கிறது.

லிஃபிக்கரையான்: கட்டணம் மட்டுமா? இந்த நாட்டுக்கு ஜாஸ் என்றால் தொடக்கத்திலிருந்தே ஆகாது. 1934 புத்தாண்டு நாளில் லீட்ரிம் மாவட்டத்தின் மோஹில் ஊரில் பாதிரியார் ஒருவரின் தலைமையில் ஜாஸ் ஒழிக என்று ஊர்வலமே போனார்கள். மறு ஆண்டே, உரிமம் இல்லாமல் பொது நடனம் நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது.

கார்க் மாமா: அதே நாட்டில்தான் பிறகு ஷோபேண்டுகள் என்ற நடன இசைக்குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின, ஜாஸ் கலைஞர்கள் பலருக்குச் சோறு போட்டதும் அவைதாம். நேற்று ஏறிய மேடைக்கு இன்று பணம் தருகிறேன் என்கிறார்கள், நாமோ 1934க்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தனி ஆவர்த்தனம்: தம்பி இன்றிரவு பதில் சொல்ல வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். இரண்டு விவரங்கள் தெரியாமல் எவரும் வழி சொல்ல முடியாது: உங்கள் ஐ.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதி அட்டையில் எந்த ஸ்டாம்ப் (அனுமதி வகை) இருக்கிறது, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா?

வடபழனி சாக்ஸ்: மன்னிக்க வேண்டும் அண்ணா. மனைவிக்கு கிரிட்டிகல் ஸ்கில்ஸ் என்ற திறன்மிகு வேலை அனுமதி. அவருடைய கணவன் என்ற முறையில் எனக்கு ஸ்டாம்ப் 1ஜி. வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், சமையலறை பொது.

தனி ஆவர்த்தனம்: அப்படியானால் கேளுங்கள். 1ஜி இருப்பவர் தனி அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகலாம். சொந்தத் தொழில் செய்யக் கூடாது. இரவுக்கு இவ்வளவு என்று கையில் வாங்குவது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் சேரும். ஆகவே குழுத் தலைவரிடம், பப்போ அவரோ உங்களைச் சம்பளப் பட்டியலில் பணியாளராகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் பி.பி.எஸ். எண்ணை (அரசு தரும் அடையாள எண்) கொடுத்து, வேலையை வருவாய்த் துறையின் மைஅக்கவுண்ட் என்ற இணையக் கணக்கில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவசர வரி என்று பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு அதைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும். முடியாது என்றால், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவகாசம் வாங்குங்கள். அதுவரை வழக்கம்போல் ஜாம் செஷனுக்குப் போய் வாருங்கள். முகம் பழகுவது அங்கேதான்.

வீட்டு விஷயத்தில் விட்டுக்கொடுங்கள். உரிமையாளரின் வீட்டிலேயே அறை எடுத்திருப்பவரை வாடகைதாரராகச் சட்டம் கருதுவதில்லை. வாடகை வாரியத்தின் பாதுகாப்பும் உங்களுக்குக் கிடையாது. சாக்ஸபோனின் வாய்க்குள் துணியை அடைத்துப் பயனில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தெல்லாம் ஒலி வந்துகொண்டுதான் இருக்கும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறையைப் பிடித்துக்கொண்டு, அதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்; வீட்டில் விரல் பயிற்சி மட்டும் போதும்.

இன்னொன்று. நாம் நம் சுருதியிலேயே வாசித்துப் பழகியவர்கள். இங்கே பியானோக்காரர் 'எஃப்' சுருதியில் ப்ளூஸ் என்று சொன்னால், ஆல்டோவில் விரல் வைக்கும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறு என்பதால், நீங்கள் 'டி'யில் பிடிக்க வேண்டும். ப்ளூஸின் 12 பார் (தாளக் கட்டு) சுற்று தாள ஆவர்த்தனம் போலத் திரும்பத் திரும்ப வரும்; அதை விரலில் எண்ணாமல், பாஸ் எங்கே இறங்குகிறது என்று கேட்டுப் பிடியுங்கள்.

வடபழனி சாக்ஸ்: மிக்க நன்றி அண்ணா. குழுத் தலைவரிடம் பேசினேன். சம்பளப் பட்டியலைப் பற்றிப் பப் மேலாளரைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகக் கூறியிருக்கிறார். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், ஒத்திகை அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கார்க் மாமா: நல்லது. ஆனால் அக்டோபருக்கு அறையை இப்போதே பதிந்துவிடுங்கள் தம்பி. விழா நெருங்கினால் கார்க்கில் ஓட்டல் வாடகை மலையேறிவிடும்.