இழப்புக்குப் பின் இறைவனிடம் வழி கேட்பது எப்படி?

கேள்வி:
என் கணவர் மறைந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. 28 ஆண்டுகளாகப் பிரதோஷம் தவறாமல் இருவரும் சென்றுவந்த சிவாலயத்தின் வாசலைக்கூட இப்போது என்னால் மிதிக்க முடியவில்லை. ஓராண்டு முடியும்வரை போகக் கூடாது என்று உறவினர்கள் சொன்னது ஒரு காரணம். போனால் சுவாமியிடம் சண்டை பிடித்துவிடுவேனோ என்ற அச்சம் மற்றொன்று. இந்த நிலையில், வீட்டை விற்றுவிட்டு மகனுடன் வெளியூரில் குடியேறுவதா, இங்கேயே இருப்பதா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சன்னிதியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி வைத்துப் பார்க்கலாம் என்கிறார் நாத்தனார். கோபத்தோடு கேட்பவளுக்கு இறைவன் வழி காட்டுவாரா?

மறுமொழி 1:
அம்மா, கோபத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சபதத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்ட, தேவாரம் பாடிய சுந்தரர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் நின்று, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு, இருக்கிறோம், நீர் போம் என்ற விடையும் ஓர் ஊன்றுகோலும்தான் கிடைத்தன. அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு இடக்கண் காஞ்சியில் கிடைத்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை போக வேண்டியிருந்தது. அங்கே, நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று பொருள்பட அவர் இறைவனைக் கடிந்து பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பழைய வெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். என் மகனை இழந்த ஆண்டில் அங்கே சென்று, கேட்பதற்கு எதுவும் தோன்றாமல் நெடுநேரம் நின்றிருந்தேன்.

மறுமொழி 2:
சுந்தரர் தம் பிழையால் இழந்தார். அம்மாவின் இழப்பில் அவர் பிழை ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் திலகவதியார்தான் நினைவுக்கு வருகிறார். பெற்றோரையும், மணம் பேசி முடித்திருந்த கலிப்பகையாரையும் இழந்து உயிர்விடத் துணிந்தவர், பின்னாளில் அப்பர் ஆன தம்பி மருள்நீக்கியாரின் கதறலுக்காக உயிர் தாங்கினார். பிறகு திருவதிகை வீரட்டானம் கோயிலில் பெருக்கி, மெழுகி, மாலை தொடுத்து, தம்பிக்காகவே வேண்டிக்கொண்டார். கை வேலையில் இருந்தபோதுதான் எனக்கும் மனம் சற்று அடங்கியது.

மறுமொழி 3:
பூக்கட்டிப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அக்கா. ஆனால் எந்தப் பூ வந்தாலும் மனம் ஏற்காத நிலையில் இப்போது இருக்கிறீர்கள். தலைத்திவசம் முடியும்வரை வீட்டு விற்பனையைத் தள்ளிவைக்க முடியுமா என்று மகனிடம் கேளுங்கள். தூக்கம் வராவிட்டால் மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மகனிடம் பேசினேன், காத்திருக்கச் சம்மதித்துவிட்டான். வருகிற பிரதோஷத்துக்கு முன், கோயில் திறந்ததும் போய்ப் பிராகாரத்தைப் பெருக்கிக் கொடுக்கலாமா என்று குருக்களைக் கேட்டிருக்கிறேன். சண்டை இருந்தால் அப்போது போட்டுக்கொள்கிறேன்.