தடலாக்ட் பூச்சுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே, மொரோக்கோ பாணியில் சலூன் உள்ளலங்காரம் செய்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஸெலீஜ் என்ற வண்ண ஓட்டுப் பதிப்புக்குக் 'கொத்தோடு' போட்டாயிற்று, ஃபெஸ் நகரத்தில் மெருகிட்டுச் சுட்ட ஓட்டைச் சுத்தியலால் கொத்திக் கொத்தித்தானே துண்டாக்குகிறார்கள். தடலாக்ட்தான் இடிக்கிறது. மராக்கேஷ் பக்கத்துச் சுண்ணாம்பைப் பூசி, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைத் தடவி மறுபடி தேய்ப்பது. 'சுண்ணாம்புப் பூச்சு' என்றால் வெள்ளையடிப்பது என்று நினைப்பார்கள்.

—

> தடலாக்ட்தான் இடிக்கிறது

புதிதாக எதற்கு? நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவருக்கு 'வெள்ளி யன்ன விளங்கும் சுதையுரீஇ' என்று வருகிறதே (சுதை சுண்ணாம்புச் சாந்து, உரீஇ என்றால் பூசி), பளபளப்பும் அதிலேயே இருக்கிறது. 'உரீஇச்சுதை' என்று வையுங்கள். இன்னொன்று, தடலாக்ட் என்பதே நம் 'தடவு' என்பது என் நெடுநாள் ஐயம். தடவு, தடவல், தடலக்... ஆராய வேண்டும்.

—

ஐயா, உரீஇ வினையெச்சம், பெயரோடு ஒட்டாது. தடவும் வேண்டாம். தேய்த்தல், பிசைதல் என்ற பொருளுள்ள அரபி வேர் அது. முன்னால் உள்ள 'த', கடைசி 'ட்' இரண்டும் அமாசிக் (பெர்பெர்) மொழியின் பெண்பால் ஒட்டுகள். கழற்றிப் பார்த்தால் 'டலாக்', அதாவது அரபியின் 'தலக்', மிஞ்சும், தடவு காணாமல் போய்விடும்.

நான் சுவர் வேலை பார்ப்பவள், என் கவலை வேறு. இந்தப் பூச்சின் உயிரே சோப்புதான். சோப்பிலுள்ள கொழுப்பமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் கரையாத கால்சியம் சோப்பாகித் துளைகளை அடைக்கிறது, அதனால்தான் ஹமாம் என்னும் பொதுக் குளியலறைகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பூசினார்கள். பெயரில் இது தெரியாவிட்டால் சலூன்காரர் தலை கழுவும் இடத்தில் அமிலத் திரவத்தை ஊற்றித் துடைப்பார், சுண்ணாம்பு அரித்துப் போகும். தலைச்சாயம் தெறித்து அப்படியே விட்டாலும் கறைதான். 'சோப்புச்சுதை' போதும், எல்லாருக்கும் புரியும்.

—

> 'சோப்புச்சுதை' போதும்

கலைச்சொல்லுக்குள் சோப்பா? சவர்க்காரம் என்றாவது எழுதக்கூடாதா?

—

சவர்க்காரத்தில் இருக்கும் காரம் வடமொழி க்ஷாரம். அப்படிப் பார்த்தால் சுதையும் சுதா, சுண்ணமும் சூர்ணம். தூய்மை பார்த்தால் சுவரில் ஒன்றும் மிஞ்சாது.

—

காரை மிஞ்சும். 'தேய்காரை'.

—

காரை என்றாலே பெயர்ந்து விழுவதுதான் நினைவுக்கு வருகிறது!

இடையில் ஒரு சந்தேகம். மொரோக்கோ வீடுகளில் 'சலோன்' என்பது சுவரோரமாக நீளத் திண்டு போட்ட விருந்தினர் அறை. உங்கள் கையேடு அதைப் பற்றியதாக இருந்துவிடப் போகிறது.

—

இல்லை, பார்த்துவிட்டேன், அட்டையிலேயே கத்தரியும் சீப்பும் இருக்கின்றன.

சரி, நேரமில்லை. சந்தனம் இழைப்பது போல இழைத்து மெருகேற்றுவதால் 'இழைசுதை' என்று எழுதப் போகிறேன், தனிமடலில் பலர் சரி என்றார்கள். முதலில் வரும் இடத்தில் 'தடலாக்ட் எனப்படும், சோப்பிட்டு இழைத்த சுண்ணாம்புப் பூச்சு' என்று விளக்கம் வரும். அமில எச்சரிக்கை தனிப் பெட்டியில்.

—

> இழைசுதை

வினைத்தொகை, இலக்கணக் குற்றமில்லை. ஆனால் இழை என்றதும் நூலிழை, நாரிழை என்றுதான் படிப்பார்கள். யாராவது கலவையில் சணலைப் போட்டுப் பிசைந்துவிட்டு உங்கள் கையேட்டைக் காட்டுவார். என் வாக்கு தேய்காரைக்கே, பதிவு செய்துகொள்ளுங்கள்.