இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளைக்கு ஓ.டி. தேவை என்று பள்ளியில் சொன்னால்

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "சின்னவனை ஓ.டி.க்குக் கூட்டிப் போகிறோம்மா" என்று நான் போனில் சொன்னதும் ஊரில் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். இங்கே அது ஆக்குபேஷனல் தெரபி. பொத்தான் போடுவது, ஜிப் இழுப்பது, பென்சில் பிடிப்பது, கத்தரிக்கோலால் வெட்டுவது, சத்தமான வகுப்பில் உட்கார்ந்திருப்பது என்று ஒரு நாளில் பிள்ளை செய்கிற காரியங்களில் எங்கே சிக்குகிறது என்று பார்த்து, அதற்கு வழி சொல்கிறவர்தான் அந்தத் தெரபிஸ்ட். ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

வந்து மூன்று மாதமான ஒரு தங்கை கேட்டிருந்தார். மகள் ரிசெப்ஷன் வகுப்பில் (இங்கே நான்கு வயதில் சேர்கிற முதல் வகுப்பு) இருக்கிறாள், டீச்சர் கூப்பிட்டு ஃபைன் மோட்டார், அதாவது விரல்களால் செய்கிற நுணுக்கமான வேலை, பின்தங்கியிருக்கிறது என்கிறார், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று. வேண்டாம்மா. இரண்டு காபி குடிக்கிற நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

நாங்கள் 2021 ஆகஸ்டில் வந்தோம், செப்டம்பரில் மகன் ரிசெப்ஷன் சேர்ந்தான். குளிர் ஆரம்பித்ததும் பிரச்சினை வெளியே தெரிந்தது, அதாவது கோட் ஜிப்பில். மற்ற பிள்ளைகள் கோட் மாட்டிக்கொண்டு விளையாட ஓடிவிடுவார்கள், இவன் ஜிப்பின் அடிமுனையைச் சொருகத் தெரியாமல் நின்றுகொண்டே இருப்பான். பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தி எழுதுவான், முனை உடையும், தாள் கிழியும். சாப்பாட்டில் முள்கரண்டி கீழே விழும். வீட்டில் எங்களுக்கு இது எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் வீட்டில் அவன் எதையுமே தானாகச் செய்ததில்லை. ஊட்டிவிட்டது பாட்டி, சட்டை போட்டுவிட்டது நான், ஷூ மாட்டிவிட்டது அவன் அப்பா. யாரையும் குற்றம் சொல்லவில்லை, நம் வீடுகளில் பாசம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பழக்கம் இல்லாததால் வராமல் இருப்பது வேறு, பழக்கினாலும் வராமல் இருப்பது வேறு. ஆறு வாரம் வீட்டில் தினமும் தானே செய்ய விட்டுப் பாருங்கள், எது எது வந்தது, எது வரவில்லை என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பின்னால் அந்த நோட்டு எந்த ரிப்போர்ட்டையும்விட அதிகமாக உதவும்.

எங்களிடம் பள்ளியில் முதலில் சொன்னது, "இங்கிலீஷ் வரட்டும், காத்திருந்து பார்க்கலாம்" என்பது. பவ்யமாகத் தலையாட்டிவிட்டு ஒரு வருஷத்தைத் தொலைத்தோம். ஜிப் போடுவதற்கு எதற்கு இங்கிலீஷ்? இதை அன்றே கேட்டிருக்க வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசுகிற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கருதக்கூடாது என்று 2014ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே நேரம், மொழியைக் காரணம் காட்டி உண்மையான சிரமத்தை விட்டுவிடக்கூடாது, இரண்டையும் பிரித்துக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பள்ளிகளுக்கான 2015 வழிகாட்டியும் சொல்கிறது. இதைச் சாக்காக வைத்து வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்தினால் கை ஒன்றும் வேகமாக எழுதப்போவதில்லை.

பள்ளியில் நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் சென்கோ. (செங்கோல் இல்லை, ஆனால் பள்ளிக்குள் அவர் கையில் கிட்டத்தட்ட அதுதான் இருக்கிறது.) சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஒருங்கிணைப்பாளர், ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். பள்ளி வாசலில் நின்று டீச்சரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், மெயில் போடுங்கள். நான்கு வரி போதும்: வீட்டில் என்ன பார்க்கிறோம், பள்ளியில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், என்ன உதவி செய்யப் போகிறீர்கள், எப்போது மறுபடி உட்கார்ந்து பேசலாம். வாயால் சொன்னதற்கு ஆறு மாதம் கழித்துச் சாட்சி இருக்காது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று, பள்ளி உதவி செய்ய நோயின் பெயர் தேவையில்லை. ஆட்டிசமா, டிஸ்பிராக்ஸியாவா, ஒன்றுமே இல்லையா என்று டாக்டர் எழுதித்தரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, சிரமம் இருந்தால் உதவி உண்டு. டிஸ்பிராக்ஸியா என்று இங்கே சொல்கிற உடல் அசைவு ஒருங்கிணைப்புச் சிக்கலை 5 வயதுக்கு முன்னால் பெரும்பாலும் உறுதிப்படுத்தவே மாட்டார்கள், அதுவரைக்கும் பிள்ளையைச் சும்மா விட முடியுமா? மகனுக்குப் பள்ளியில் செய்தது எல்லாம் சில்லறைச் சமாச்சாரம்: சாய்வுப் பலகை, பென்சிலில் மாட்டுகிற ரப்பர் பிடி, அழுத்தி விட்டதும் தானே திறந்துகொள்ளும் கத்தரிக்கோல், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து புத்தகம் அடுக்கிவிட்டு வருவது, கால் தரையில் படும்படி சிறிய நாற்காலி. அந்தக் கடைசி விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு தன்னை நிமிர்த்தி வைத்துக்கொள்ளவே பாடுபடுமாம், கைக்கு என்ன மிச்சம்? அன்று மாலையே வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு முக்காலி போட்டோம்.

இனி என்.எச்.எஸ். பக்கம், அதாவது இங்கத்து அரசு மருத்துவ சேவை. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தையும் (2024 பிப்ரவரியிலிருந்து பிள்ளைக்கு வருஷத்துக்கு 776 பவுண்ட், பெரியவர்களுக்கு 1,035 பவுண்ட்) கட்டித்தான் நம்மில் பெரும்பாலோர் வந்திருக்கிறோம், ஆக இது தர்மம் இல்லை, கூச்சப்படாதீர்கள். சென்கோவோ ஜி.பி.யோ (குடும்ப டாக்டர்), சின்னப் பிள்ளை என்றால் ஹெல்த் விசிட்டரோ (பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளைப் பார்க்கிற நர்ஸ்) ஓ.டி.க்கு எழுதிப் போடலாம், சில பகுதிகளில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பல இடங்களில், பள்ளி முதலில் ஒரு டெர்ம் முயற்சி செய்து பார்த்ததா என்று கேட்பார்கள், அதற்கும் அந்த மெயிலும் நோட்டும்தான் பதில். வரிசை நீளம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

வரிசையில் நின்று கோட்டைவிட்ட கதை ஒன்று. எங்கள் முறை வந்தபோது நாங்கள் வீடு மாறியிருந்தோம். கடிதம் பழைய முகவரிக்குப் போனது. அப்புறம் போன் செய்திருக்கிறார்கள், நம்பர் இல்லாமல் வந்த அழைப்பு, மோசடிக்காரன் என்று நினைத்து என் கணவர் மூன்று முறையும் எடுக்கவில்லை. வரவில்லை என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். முதலிலிருந்து மறுபடி. எனவே வீடு மாறினால் ஜி.பி.க்குச் சொன்னதோடு விடாமல் அந்தத் தெரபி அலுவலகத்துக்கும் தனியாகச் சொல்லுங்கள், நம்பர் தெரியாத அழைப்பையும் எடுங்கள், மோசடிக்காரனாக இருந்தால் வைத்துவிட எவ்வளவு நேரம் ஆகும். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. உடன் வந்த பத்து வயது அக்காவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பாவம்.

விசா பயம் பற்றி நிறைய பேர் தனியாகக் கேட்கிறார்கள். உங்கள் விசாவில் பொது நிதி கிடையாது என்று எழுதியிருக்கும், அதாவது அரசு உதவித்தொகைகளை வாங்கக்கூடாது. அரசுப் பள்ளியும் பள்ளியில் கிடைக்கிற சிறப்பு உதவியும் என்.எச்.எஸ்.ஸும் அந்தப் பொது நிதிப் பட்டியலில் வராது, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. என்ற உதவித்தொகை அந்தப் பட்டியலில் வருகிறது. நல்லெண்ணத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "டி.எல்.ஏ. போடு" என்பார், அவர் இங்கே குடியுரிமை பெற்றவர், உங்கள் கதை வேறு. விசாவைப் பார்க்காமல் அதற்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியார் தெரபிஸ்டிடம் போவதானால் எச்.சி.பி.சி. என்ற மருத்துவத் துறைத் தொழில்களின் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ள மட்டும் அந்தப் பதிவு சட்டப்படி வேண்டும். முதல் சந்திப்பிலேயே பொருள் விற்க ஆரம்பித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உள்ளே கனம் வைத்துத் தைத்த எடைப் போர்வையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசப் பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அதைப் போர்த்தியதால் தூக்க நேரம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிடித்திருந்தது, அது உண்மை. பிடித்தால் வாங்குங்கள், தூக்கம் வரும் என்று நம்பி வாங்காதீர்கள். குட்டிக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓ.டி. அம்மா எங்களுக்குக் கொடுத்த தாளில் பிளே-டோ உருட்டுவது, கிளிப் மாட்டுவது, பாசி கோர்ப்பது என்று இருந்தது. படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது, இது அத்தனையும் நம் அடுக்களையில் இருக்கிறதே. சப்பாத்தி மாவு பிசைய விட்டேன். முறுக்கு அச்சை இரண்டு கையாலும் அழுத்த விட்டேன், மாவைக் கொஞ்சம் தளரப் பிசைந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வெறுத்துவிடும். பட்டாணி உரிப்பது, ஈரத் துணி பிழிவது, அரிசி மாவில் கோலப்பொடி மாதிரி விரலிடுக்கில் கோடு இழுப்பது. எல்லாவற்றுக்கும் மேல் பல்லாங்குழி. ஒரு கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக நகர்த்தி ஒவ்வொரு குழியிலும் போட வேண்டும். பென்சில் பிடிக்கத் தேவையான அதே விரல் வேலை. முதல் வாரம் முழுக்கக் கொட்டை தரையில்தான். விளையாட்டைக் காட்டியபோது ஓ.டி. அம்மா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிடித்து உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் அழுகைதான் மிச்சம். தெரபிஸ்ட் வாரா வாரம் பிள்ளையை வைத்துச் சரிசெய்து தருவார் என்று நினைத்துத்தான் நாங்கள் போனோம். அவர் பார்த்தது நான்கே முறை. பார்த்து, எங்களுக்கும் பள்ளிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஏமாற்றமாக இருந்தது, இப்போது யோசித்தால் மற்ற நாட்களில் கூட இருக்கப்போவது நாங்கள்தானே.

இதெல்லாம் போதாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இ.எச்.சி. பிளான் என்று ஒன்று உண்டு, பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று கவுன்சில் (உள்ளாட்சி) எழுதித் தருகிற, சட்டப்படி செல்லுபடியாகும் திட்டம். அதற்கான மதிப்பீட்டைப் பெற்றோரே கவுன்சிலிடம் கேட்கலாம், பள்ளியின் அனுமதி தேவையில்லை. மதிப்பீடு செய்வார்களா மாட்டார்களா என்று 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும், கொடுப்பதென்றால் 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். தாமதம் சகஜம், தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டுங்கள். முடியாது என்று கடிதம் வந்தால் அழுதுவிட்டு மூடி வைக்காதீர்கள், கடிதத் தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

பிளான் வரைவு வந்தால் நேராக எஃப் பகுதிக்குப் போங்கள். அங்கே எழுதியிருப்பதைத்தான் கவுன்சில் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். "ஓ.டி. உதவி தேவைக்கேற்பக் கிடைக்கும்" என்று இருந்தால் அது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற "தங்கள் நல்வரவை நாடும்" மாதிரி, அழகாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. யார் தருவார், டெர்முக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். ஓ.டி.யை ஜி பகுதியில், அதாவது மருத்துவ உதவியாகப் போட்டிருந்தால் எஃப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கற்பிக்கிற, பயிற்றுவிக்கிற தெரபி கல்வி உதவியாகவே கருதப்படும் என்று அதே 2014 சட்டம் சொல்கிறது. இதில் கைகொடுக்க ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது, சட்டம் தெரிய வேண்டுமென்றால் இப்ஸீ என்ற தொண்டு நிறுவனம்.

நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு. கார்டிஃபிலும் (வேல்ஸ்) கிளாஸ்கோவிலும் (ஸ்காட்லாந்து) இருப்பவர்களுக்குச் சட்டமும் பெயர்களும் வேறு.

கமெண்டில் கேட்ட சிலருக்கு: ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் சென்கோவுக்குக் கட்டாயம் கொடுங்கள், இந்திய ரிப்போர்ட் செல்லாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வேறு கவுன்சிலுக்கு வீடு மாறினால் பிளான் கூடவே வரும், புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு, நான் "கை எழுத்துப் பயிற்சி" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பல்லாங்குழிப் பலகை இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்ட அண்ணாவுக்கு: பலகையே வேண்டாம், ஒரு டஜன் முட்டை வாங்குகிற அட்டைப்பெட்டி போதும். ஏழுக்குப் பதில் ஆளுக்கு ஆறு குழிதான் வரும், பையன் கண்டுகொள்ள மாட்டான். புளியங்கொட்டைக்குக் கொட்டையோடு இருக்கிற புளியாகப் பார்த்து வாங்குங்கள், வாயில் போடுகிற வயதுத் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் மட்டும் விளையாடி முடித்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.